உடன்வந்த கருவியும் இரவற் கருவியும்

வீடு கட்டப் புகுவோன் கதவையும் சாளரத்தையும் தாழ்ப்பாளையும் தானே இழைத்துக்கொள்வது அரிது. மேஸ்திரி வழக்கமாகப் பொருத்துவனவற்றை அவன் ஏற்பான்; அன்றேல் கடைத்தெருவுக்குச் சென்று தன் மனத்துக்கு உகந்தவற்றை வாங்கி வருவான். இணையத்தளம் சமைப்போர் நிலையும் இதுவேயாம். பொத்தான், நாட்காட்டி, அட்டவணை, இடையே தோன்றும் சிறு சாளரம் ஆகிய உறுப்புக்களைப் பிரவுசரும் ஃப்ரேம்வொர்க்கும் தம்முடனேயே கொண்டு வருகின்றன. அவற்றினும் அழகியனவாகப் பிறர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளும் எண்ணிறந்தன உள. இவ்விருவகையுள் எதனைக் கொள்வது என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் பொருள்.

இவ்வாராய்ச்சி எமக்கு ஏட்டளவில் எழுந்ததன்று. பழைய மாணவர் பெயர்ப்பதிவுக்கென யாம் சிலர் கூடி ஒரு பக்கம் அமைத்தோம். பிறந்த நாளைக் குறிக்க, கண்ணுக்கினிய ஓர் இரவல் நாட்காட்டியைப் பொருத்தி மகிழ்ந்தோம். சின்னாட்களில் கண்பார்வையற்ற பழைய மாணவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் நிரலின் துணைகொண்டே அவர் கணினியைக் கையாள்பவர். எம் நாட்காட்டியோ அந்நிரலுக்குப் பெயரற்ற வெறுங் கட்டங்களாகவே புலப்பட்டதாம். “என் பெயரை எழுதினேன்; பிறந்த நாளை எழுத வழியில்லை; ஆகவே பதிவு செய்யாது விடுத்தேன்” என்று அவர் எழுதியிருந்தார். தம் கல்லூரியின் வாயிலிலேயே ஒருவர் நிறுத்தப்பட்டார் என்பதை உணர்ந்து யாம் நாணினோம். அதன் பின்னரே இப்பொருளின் வரலாற்றைத் துருவிப் பார்க்கலானோம்.

2002-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் வெளியிட்ட ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸ் என்னும் ஃப்ரேம்வொர்க்கில் நாட்காட்டி உடன்வந்த உறுப்பாகவே இருந்தது. ஆயினும் அடுத்த மாதத்தைக் காண அம்புக்குறியை அழுத்தினால் முழுப் பக்கமும் சர்வருக்குச் சென்று மீளவேண்டும். மெல்லிய இணைப்புடையோர் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் காத்திருந்தனர். 2007-இல் வந்த அப்டேட்பேனல் என்னும் உறுப்பு பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றிக் காட்டியது; எனினும் படிவத்தின் மறைநிலைச் சுமை முழுவதும் ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் பயணப்பட்டே வந்தது.

இதற்கிடையே, 2006-இல் ஜேக்வெரி என்னும் லைப்ரரி பிறந்தது. அக்காலத்துப் பிரவுசர்கள் ஒன்றோடொன்று இணங்காதனவாய் ஒரே கட்டளையை வெவ்வேறு விதமாகப் பொருள்கொண்டன. ஜேக்வெரி அவற்றின் இடையே நின்று மொழிபெயர்ப்பாளர் போலப் பணிசெய்தது. 2008-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரே அதனைத் தம் விஷுவல் ஸ்டூடியோவுடன் சேர்த்து வழங்க இசைந்தனர். ஆகவே இரவலை ஏற்றது அந்நாளில் தவறன்று, தேவையாயிருந்தது.

காலம் மாறியது. நாளைக் குறிக்கும் பெட்டி பிரவுசருக்கே உரிய உறுப்பாயிற்று. உரையாடற் சாளரத்துக்குரிய டயலாக் என்னும் உறுப்பு 2014-இல் குரோமிலும், 2022 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகியவற்றிலும் இடம்பெற்றது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஓய்வு பெற்றது. பூட்ஸ்ட்ராப் தன் ஐந்தாம் பதிப்பில், 2021-இல், ஜேக்வெரியின் துணையை விட்டொழித்தது. நாள்களைக் கணக்கிடப் பெரிதும் பயன்பட்ட மொமென்ட் என்னும் லைப்ரரியை அதனைக் காத்துவந்தோரே, புதிய பணிகளுக்கு வேறொன்றைத் தேர்க என்று 2020-இல் அறிவித்துவிட்டனர்.

இனி, இரவலின் இடுக்கணையும் நோக்குவோம். ஒரு சொல்லின் இடப்பக்கத்தை வெற்றிடத்தால் நிரப்பும் லெஃப்ட்-பேட் என்னும் சிறு நிரல் பதினொரு வரியளவினது. 2016 மார்ச்சில் அதன் ஆசிரியர் ஒரு பிணக்கினால் அதனைப் பொதுக் களஞ்சியத்தினின்று நீக்கவே, அதனை நேரிலும் மறைமுகமாகவும் சார்ந்திருந்த பற்பல நிரல்களைத் தொகுக்க இயலாது போயிற்று. சில மணிநேரத்தில் அதை மீட்டு வைத்தனர். 2018-இல் நேர்ந்தது இதனினும் கொடிது. ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்னும் லைப்ரரியைக் காத்துவந்தவர், தாமே முன்வந்த அந்நியர் ஒருவரிடம் அதனை ஒப்படைத்தார். அவர் பிட்காயின் பணப்பையைத் திருடும் கள்ள நிரலொன்றை அதனோடு பிணைத்துவிட்டார். இவ்விரண்டிலும் அல்லலுற்றோர் பலர் அப்பெயர்களைக் கேட்டும் அறியாதவர். யாம் பத்து லைப்ரரிகளை அழைப்பதாக எண்ணுகிறோம். அவையோ தம் சுற்றத்தார் நூற்றுவரையும் உடனழைத்து வருகின்றன.

ஆயின், உடன்வந்தன யாவும் குற்றமற்றன என்று கூறுதற்கில்லை. வெப் ஃபார்ம்ஸ் உறுப்புக்கள் பின்வந்த ஏஎஸ்பி.நெட் கோருக்குள் புகவில்லை. ஆங்குலர்ஜேஎஸ் என்னும் ஃப்ரேம்வொர்க்கின் ஆதரவு 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. பிரவுசரின் நாட்பெட்டி ஒவ்வொரு பிரவுசரிலும் ஒவ்வொரு தோற்றங் கொள்ளும். அதனை நம் விருப்பப்படி முற்றும் ஒப்பனை செய்ய இயலாது. தேசப்படம், வரைபடம், பல்லாயிரம் வரிகளை வடிகட்டும் அட்டவணை போன்றவற்றை நாமே புதிதாக எழுதப் புகுதல் வீண் முயற்சியாம். அங்கே தேர்ந்த லைப்ரரியே தக்கது.

ஆதலின், தேர்வோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளத்தக்கன சில உள. முதலாவது, பிரவுசரே இதனைச் செய்யுமா? செய்யுமாயின் அங்கேயே நிற்க. இரண்டாவது, ஃப்ரேம்வொர்க்கின் உறுப்பு போதுமா? போதுமாயின் அதனைக் கொள்க; ஒன்றைப் புதுப்பிக்குங்கால் மற்றொன்றும் இசைந்து புதுப்பெறும். மூன்றாவது, இரவல் இன்றியமையாததாயின், அதனைக் காப்போர் எத்துணையர், அண்மையில் பிழை திருத்தினரா, விசைப்பலகையால் மட்டும் அதனை இயக்க இயலுமா என்று ஆராய்க. நான்காவது, அதனை நாளை கழற்றவேண்டின் எத்தனை இடத்தில் கைவைக்க நேரும்? ஓரிடத்திலேயே அதனை அடைத்து வைப்பவன் பிழைப்பான். இறுதியாக, நாம் சென்றபின் இதனைக் காப்பவர் யார்? 2020 ஏப்ரலில் ஜேக்வெரி 3.5.0 பதிப்பில் பாதுகாப்புக் குறைகள் திருத்தப்பெற்றன. ஆனால் பழைய பதிப்பைப் பொருத்தியோர் தாமே மாற்றினாலன்றி அத்திருத்தம் அவரை வந்தடையாது. பட்டம் பெற்றுப் பிரியும் மாணவர் கட்டிவைக்கும் தளங்களுக்கு இவ்வினாவே தலையாயது.

எம் பக்கம் என்னாயிற்று என்று நேயர்கள் வினவுவர். பிரித்தானிய அரசாங்கத்தார் தம் தளங்களுக்கு வகுத்த வடிவமைப்பு முறையில், பிறந்த நாள் போன்று ஒருவர் முன்னரே அறிந்த நாளைக் கேட்க நாட்காட்டி வேண்டா, நாள், மாதம், ஆண்டு என்னும் மூன்று எழுத்துப்பெட்டிகளே நலம் என்று கூறப்பட்டிருத்தலைக் கண்டோம். தம் பிறந்த நாளை நாட்காட்டியில் தேடுவார் யார்? அழகிய நாட்காட்டியைக் கழற்றி, மூன்று பெட்டிகளை வைத்தோம். ஒவ்வொன்றும் தன் பெயரைத் திரைவாசிப்பு நிரலுக்குத் தெளிவாகச் சொல்லிற்று. பக்கமும் விரைந்து திறந்தது.

இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாகாது என்பர் நம் பெரியோர். இரவலே கூடாதென்பது அதன் பொருளன்று; கையிலுள்ளதன் தகுதியை அறியாமல் எறிதலே பிழை. அக்கடிதம் எழுதிய அன்பரின் பெயர் இப்போது எம் பதிவேட்டில் உளது. அவர்தம் பிறந்த நாளும் உளது.