துவைக்கிற தாத்தாக்கள்!

கொமரலிங்கத்தில் அமராவதிக் கரையில் துணி துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் அடிப்பது, கசக்குவது, அலசுவது, பிழிவது... கைக்குத்தான் எத்தனை வேலை! இதை இயந்திரத்துக்குப் பழக்க ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழியைப் பிடித்தது. அப்படி வந்த பழைய வாஷிங் மெஷின்களை, நாம் ஸ்டாம்பு சேர்ப்பது போலத் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவில் உண்டு.

பேராசிரியராக இருந்த லீ மேக்ஸ்வெல் 1985-ல் ஒரு பழைய 'மேடேக்' மெஷினை வாங்கினார். ஆசை அதோடு விட்டதா? ஆயிரத்துக்கும் மேல் சேர்த்து, கொலராடோ மாநிலத்து ஈட்டன் என்ற ஊரில் காட்சியகமே அமைத்துவிட்டார்! காயலான் கடைக்குப் போக வேண்டியவற்றைப் பழுது பார்த்து ஓடவும் வைத்தார்.

மேலே மூடியைத் திறந்து துணி போடும் மெஷின்களின் குணம்தான் வேடிக்கை. பலவற்றில் நடுவே இறக்கை வைத்த தூண் ஒன்று, 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையாட்டுவது போல இப்படியும் அப்படியும் திரும்பும். 1947-ல் வந்த 'பிரிஜிடேர்' மெஷினிலோ அது உலக்கை மாதிரி மேலும் கீழும் குதிக்கும்! பிறகு தொட்டி நிமிடத்துக்கு 1,140 சுற்று சுற்றித் தண்ணீரை உதறிவிடும்.

அதற்கும் மூத்தவற்றில், கரும்புச்சாறு பிழியும் மெஷின் போல இரண்டு உருளைகள். துணியை நாம்தான் உள்ளே கொடுக்க வேண்டும். அசந்தால் விரலும் சேர்ந்து போகும்! அதனால் உருளைகளைச் சட்டென்று விலக்கப் பிடி ஒன்றும் வைத்தார்கள்.

உங்கள் வீட்டில் மேல்மூடி மெஷின் இருந்தால், அது ஓடாதபோது அம்மாவிடம் கேட்டுத் திறந்து பாருங்கள். நடுவில் தூண் இருக்கிறதா, அடியில் தட்டு மட்டும்தானா? தட்டு என்றால் அது மத்துக்கு உறவு. பஞ்சாபில் சிலர் அதில் லஸ்ஸியே கடைந்திருக்கிறார்கள்!