வீட்டு முற்றத்தில் ஒரு நிலையான பூம்பாத்தி

நெசவாளர் வீடாயினும் விவசாயி வீடாயினும், பூசைக்கு ஒரு பிடி பூவும் பெண்மக்கள் சூட ஒரு முழம் சரமும் அன்றாடம் வேண்டியிருக்கின்றன. இவற்றைக் காசு கொடுத்து வாங்கும் பல வீடுகளில் முற்றம் வெறுமையாகக் கிடப்பதைத் தணிக்கைக்காகச் செல்லும் ஊர்களிலெல்லாம் நாம் கண்டு வருகிறோம். செடி வைத்தவர்களும் இல்லாமலில்லை. ஆனால் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மல்லிகை பூக்காமற் போயிற்று என்று குறைப்படுகிறார்கள். குறை மண்ணிலன்று. நடும் நாளில் சாண் உயரமிருந்த கன்றைப் பார்த்து இடம் விட்டார்களேயன்றி, மூன்றாம் ஆண்டில் அது எவ்வளவு இடம் கொள்ளும் என்று எண்ணினார்களில்லை. பல்லாண்டுப் பூஞ்செடிகளுக்குப் பாத்தி அமைப்போர் முதலில் கருத வேண்டியது இதுவே.

ஆகவே மண்வெட்டியை எடுப்பதற்கு முன் தாளில் ஒரு படம் வரைந்துகொள்ளுதல் நலம். நாள் முழுதும் வெயில் படும் இடமே மல்லிகைக்கு உகந்தது. குழித்தறி உள்ள அறையின் சுவரை ஒட்டிப் பாத்தி அமைத்தல் கூடாது. பாய்ச்சும் நீர் ஊறித் தறிக்குழியில் ஈரம் ஏறிவிடும்.

உதாரணமாக, 16 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள இடத்தை எடுத்துக்கொள்வோம். உயர்ந்து வளரும் செடிகள் மேற்கு ஓரத்தில் இருக்கட்டும்; அப்போது காலை வெயிலும் நடுப்பகல் வெயிலும் மற்றச் செடிகளுக்குத் தடையின்றிக் கிடைக்கும். அவ்வரிசையில் இரு கோடிகளிலும் செம்பருத்தி, நடுவில் நந்தியாவட்டை, ஆக மூன்று செடிகளே போதும். அதற்கு 4 அடி கிழக்கே, 4 அடிக்கு ஒன்றாக நான்கு குண்டுமல்லிகை. அதற்கும் 2 அடி முன்னே, ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கனகாம்பரம்.

நட்ட புதிதில் பாத்தி வெறிச்சென்று தோன்றும். அதைக் கண்டு இடையிடையே வேறு நிலைச்செடிகளைச் செருகுவதே பலர் செய்யும் பிழை. இடைவெளியில் ஓராண்டு, ஈராண்டுக்குச் செண்டுமல்லியும் கீரையும் பயிரிடலாம். கனகாம்பரத்தின் வேரை முடிச்சிடச் செய்யும் நூற்புழுவைச் செண்டுமல்லியின் வேர் ஒடுக்கும் என்பது கூடுதல் பயன்.

மல்லிகைக்கு ஓரடி நீள, அகல, ஆழமுள்ள குழி தோண்டி, மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, ஆனி முதல் ஐப்பசிக்குள் நடலாம். அடைமழையில் நீர் தேங்கினால் மல்லிகை வேர் அழுகும். ஆதலால் பாத்தியைத் தரைமட்டத்துக்கு அரை அடி உயர்த்துதல் வேண்டும். அரிசி கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். சாயப்பட்டறைக் கழிவுநீரை ஒருபோதும் விடலாகாது, மண்ணே கெட்டுவிடும்.

கவாத்து செய்வதற்குப் பலர் மனம் இசைவதில்லை. பச்சைக் கிளையை வெட்டுவதா என்று தயங்குகிறார்கள். மல்லிகை புதுத்தளிரில்தான் மொட்டு வைக்கும். கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் இறுதியில், ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, காய்ந்த கிளைகளை நீக்கி, உரமிட்டு நீர் பாய்ச்சினால் பங்குனி முதல் சில மாதங்கள் சரம் சரமாகப் பூக்கும். மல்லிகை ஓய்ந்திருக்கும் மாதங்களில் கனகாம்பரம் கை கொடுக்கும். இம்முறையில் பேணிய மல்லிகை பத்தாண்டுகளுக்கு மேலும் பயன் தரும்.

இப்பாத்தியில் அரளியைச் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. அரளி ஆண்டு முழுதும் பூக்கும். நீரும் அதிகம் கேளாது. ஆயினும் அதன் இலை, பட்டை, வேர், பூ யாவும் நஞ்சு. உலர்ந்த இலையிலும் நஞ்சு நீங்குவதில்லை. நாம் சென்ற ஓர் ஊரில், வெட்டிய அரளிக் கிளைகளை வேலியோரம் போட்டுவிட்டு ஒரு நெசவாளர் தறிக்குச் சென்றார். கட்டவிழ்ந்த சினையாடு அதைக் கடித்து, மாலைக்குள் மாண்டது. மகள் பள்ளிக்கட்டணத்துக்கென்று அவர் வளர்த்து வந்த ஆடு அது. ஆடு மாடுகளும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டில் அரளி வேண்டா என்பதே நமது அபிப்பிராயம். முன்னரே வைத்திருப்போர் வெட்டிய கிளைகளை உடனே ஆழப் புதைத்துவிட வேண்டும். எரிக்கவும் கூடாது, அதன் புகையும் தீங்கு செய்யும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் போத்து நட்டாலே வேர் பிடிக்கும். மல்லிகையைப் பதியம் போட்டுப் பெருக்கலாம். கனகாம்பரம் விதையில் முளைக்கும். ஒரு தெருவில் ஒருவரிடம் உள்ளதை மற்றவருக்குக் கொடுத்து, இல்லாததைப் பெற்றுக்கொண்டால் தெரு முழுவதும் பூக்கும். கூட்டுறவைப் பழகியுள்ள நம் அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. வரும் ஆனி மழைக்கு முன்பே படத்தை வரைந்து வைத்துக்கொள்வார்களாக.