உங்களுக்குத் தெரியுமா? அழுக்கு அசிட்டோனும் திரும்பி வரும்!

வேதியியல் ஆய்வகங்களில் குடுவை கழுவியே அசிட்டோன் கேன் கேனாகக் காலியாகும். அத்தனையையும் எரிக்க அனுப்ப வேண்டியதில்லை. அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும்; தண்ணீருக்கு 100 வேண்டும். நேரடித் தீ காட்டாமல் வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கினால், அசிட்டோன் முதலில் ஆவியாகி, குளிர்விப்பானில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அழுக்கும் பெரும்பாலான நீரும் அடியில் தங்கிவிடும். அடுத்த முறை குடுவை கழுவ இப்படி வடித்த அசிட்டோன் தாராளமாகப் போதும்.

எல்லாக் கரைப்பானும் இப்படிச் சாதுவல்ல. எத்தனாலில் நீர் கலந்துவிட்டால், சாதாரண வடிப்பில் சுமார் 95 சதவீதத்துக்கு மேல் தூய்மை ஏறாது. ஈதரோ ஆளையே கொல்லும்: நாள்பட வைத்தால் அதில் பெராக்சைடு சேரும்; சோதிக்காமல் வற்றும்வரை வடித்தால் வெடிக்கும். குளோரோஃபார்மை அசிட்டோன் கேனில் ஊற்றவே கூடாது. காரம் கொஞ்சம் பட்டாலும் கலவை கொதித்துச் சீறும்.

முதலிலேயே குறைவாகச் செலவழிப்பது இன்னும் கெட்டிக்காரத்தனம். மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலினைத் தயாரிக்கும் முறையை மாற்றிய ஃபைசர் நிறுவனம், பல கரைப்பான்களுக்குப் பதிலாக எத்தனாலை வைத்தது. ஒரு டன் மருந்துக்கு 60,000 கேலன் கரைப்பான் செலவானது 6,000 கேலனாக இறங்கியது. 2002இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதும் அதற்குக் கிடைத்தது.