தீயில் சேர்ந்தவை ஆறும்போது பிரிவதேன்?

ஜொகூர் பாரு, அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயத்துக்குள் நுழைந்தவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். சுவர், தூண், கூரை என எங்கும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள். 1922இல் சிறிய கோயிலாகத் தொடங்கிய இந்த ஆலயத்தை இன்று சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் அலங்கரிக்கின்றன. நாட்டின் முதல் கண்ணாடிக் கோயில் என்று 2010இல் மலேசியச் சாதனைப் புத்தகத்திலும் அது இடம்பெற்றது.

அந்தத் துண்டுகள் எல்லாம் சுவரில் ஒட்டப்பட்டவை. ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தவை அல்ல. அதே துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே ஒரு செம்புத் தகட்டை வைத்து, மின்சூளையில் உருக்கினால் என்ன ஆகும்? அழகான பதக்கமும் கிடைக்கலாம். விரிசல் விட்ட வில்லையும் கிடைக்கலாம். எது கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது கைவண்ணம் மட்டும் அல்ல, இயற்பியலும்தான்.

சூளைக்குள் நடப்பது என்ன?

இப்படிச் செய்யும் நகைக்கு உருக்கிணைப்புக் கண்ணாடி நகை என்று பெயர் வைக்கலாம். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே இலை, மீன், நட்சத்திரம் போன்ற வடிவில் வெட்டிய உலோகத் தகட்டை வைப்பார்கள். சூளைத் தட்டில் கண்ணாடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அடியில் செராமிக் இழைத் தாள் விரிக்கப்படும். பிறகு மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள்.

பனிக்கட்டி 0 டிகிரியில் சட்டென்று நீராகிவிடும். கண்ணாடி அப்படி அல்ல. அதற்குத் திட்டமான உருகுநிலை கிடையாது. முதலில் இளகும், பிறகு வெல்லப்பாகு போலக் குழையும். சுமார் 750 டிகிரி செல்சியஸில் துண்டுகளின் விளிம்புகள் மழுங்கி ஒட்டிக்கொள்ளும். 800 டிகிரியை நெருங்கும்போது இரண்டு துண்டுகளும் முழுமையாகக் கலந்து ஒன்றாகிவிடும்.

இந்த வெப்பத்தை எல்லா உலோகமும் தாங்காது. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். வெள்ளி 962 டிகிரி வரையிலும், செம்பு 1,085 டிகிரி வரையிலும் தாக்குப்பிடிக்கும். அதனால் செம்பையும் வெள்ளியையும் தேர்ந்தெடுக்கிறார்கள். துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் கம்பியைச் சூளைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து எழும் புகை உடல்நலத்தைக் கெடுக்கும்.

ஆறும்போதுதான் ஆபத்து

உருகாத உலோகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. உண்மையான சோதனை, சூளை ஆறத் தொடங்கும்போதுதான் ஆரம்பமாகிறது.

சூடானால் பொருள் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் எல்லாப் பொருளும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. 1 மீட்டர் நீளமுள்ள கம்பியை 100 டிகிரி சூடாக்கினால் இரும்பு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். செம்பு 1.7, வெள்ளி 1.9, அலுமினியம் 2.3 மில்லிமீட்டர் நீளும். சாதாரண சன்னல் கண்ணாடியோ 0.9 மில்லிமீட்டர்தான் நீளும். குளிரும்போது அதே கணக்கில் சுருங்கும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடிக்குள் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள செம்புப் பட்டை இருக்கிறது. சுமார் 500 டிகிரி வரை கண்ணாடி ஓரளவு இளகியே இருப்பதால், உலோகம் சுருங்கினாலும் அதற்கேற்ப அது வளைந்துகொடுக்கும். அதற்குக் கீழே கண்ணாடி இறுகிவிடும். அங்கிருந்து 30 டிகிரிக்கு வருவதற்குள் செம்பு 0.4 மில்லிமீட்டர் சுருங்கும். கண்ணாடி 0.2 மில்லிமீட்டர் மட்டுமே சுருங்கும். வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர்.

இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். கண்ணாடிக்கு இது பெரிய விஷயம்தான். இழுத்தால், தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீள்வதற்குள்ளேயே சாதாரணக் கண்ணாடி உடைந்துவிடும். 5 சென்டிமீட்டருக்கு அது வெறும் 0.05 மில்லிமீட்டர். உலோகத்தின் விளிம்பை ஒட்டியுள்ள கண்ணாடி இந்த இழுபறியில் சிக்கிக்கொள்கிறது. வெளியே தெரியாமல் உள்ளே தங்கிவிடும் இந்த இழுவிசையைத் தகைவு என்கிறோம். சில நகைகள் சூளையிலேயே விரிந்துவிடும். வேறு சில பல நாள் நன்றாக இருந்துவிட்டு, ஒருநாள் யாரும் தொடாமலே விரிசல் விடும்.

மெல்லியதே வெல்லும்

அப்படியானால் செம்புத் தகடு வைத்த நகைகள் எப்படி உடையாமல் இருக்கின்றன? விடை தடிமனில் இருக்கிறது. நகைக்குப் பயன்படும் செம்புத் தகடு சுமார் 0.04 மில்லிமீட்டர் தடிமனே இருக்கும். அது தலைமுடியைவிட மெல்லியது. இவ்வளவு மெல்லிய உலோகத்தால் கண்ணாடியை இழுத்து உடைக்க முடியாது. கண்ணாடி விட்டுக்கொடுக்காதபோது, மென்மையான உலோகமே நீண்டு கொடுத்துவிடும். தடித்த கம்பி அப்படி வளைந்துகொடுக்காது.

கண்ணாடியின் விரிவோடு ஒத்துப்போகும் உலோகத்தைத் தேடுவது இன்னொரு வழி. பிளாட்டினத்தின் விரிவு கண்ணாடியின் விரிவை ஏறக்குறைய ஒத்திருக்கும். அதனால்தான் தொடக்ககால மின்விளக்குகளில் கண்ணாடியைத் துளைத்துச் செல்லும் கம்பியைப் பிளாட்டினத்தில் செய்தார்கள். அது விலை உயர்ந்தது என்பதால், பிறகு நிக்கல் இரும்புக் கலவையின் மேல் செம்பு பூசிய கம்பி அந்த இடத்தைப் பிடித்தது.

மூன்றாவது வழி, உலோகத்துக்கு ஏற்றபடி கண்ணாடியின் கலவையை மாற்றுவது. ஜெய்ப்பூரின் புகழ்பெற்ற மீனாகாரி நகைகளில் இதைக் காணலாம். அரைத்த வண்ணக் கண்ணாடியைப் பொன், வெள்ளி மீது வைத்துச் சுட்டு உருவாக்குகிறார்கள். நம் ஊர் ஆயர் ஹீத்தாம் கடைகளில் பளபளக்கும் பீங்கான் சாடிகளின் மேற்பூச்சும் ஒருவகைக் கண்ணாடியே. களிமண்ணின் விரிவோடு பூச்சின் விரிவு ஒத்துப்போகாவிட்டால், வலை போன்ற மெல்லிய கீறல்கள் தோன்றும்.

வழி எதுவானாலும் பொறுமை வேண்டும். சுமார் 480 முதல் 540 டிகிரிக்குள், அந்தந்தக் கண்ணாடிக்கு உரிய வெப்பநிலையில் நகையைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, பிறகு மெதுவாக ஆறவிடுவார்கள். வெளிப்புறமும் உட்புறமும் ஒன்றாக ஆறினால்தான் கண்ணாடிக்குள்ளேயே தகைவு தங்காது. ஆனால் உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள பொருத்தமின்மையை இந்த ஆற்றுதலால் போக்க முடியாது. அதற்குச் சரியான பொருளைத் தேர்வதே மருந்து.

உலோகமே நிறமாகும்போது

உலோகத்தைத் தகடாக வைக்காமல், கண்ணாடியிலேயே கரைத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு, பழங்காலக் கண்ணாடி மணிகளுக்குப் பெயர்பெற்ற இடம். அத்தகைய சின்னஞ்சிறு மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசியா எங்கும் பரவின. ஜொகூர் ஆற்றங்கரையில் கிடைத்த பழைய மணிகளைப் பற்றி ஜி. பி. கார்ட்னர் 1937இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

மணிகளின் நிறத்துக்குக் காரணம் உலோகங்களே. கோபால்ட் கருநீலம் தரும். இரும்பு பச்சை தரும். செம்பு இரண்டு வேடம் போடும். சூளையில் காற்று நிறைய இருந்தால் வான்நீலம். காற்றைக் குறைத்தால் நுண்ணிய செம்புத் துகள்கள் உருவாகி அடர்சிவப்பு. ஒரே உலோகம், ஒரே கண்ணாடி, ஆனால் நிறம் வேறு!

நீங்களும் பார்க்கலாம்

கண்ணாடியை உருக்கும் வேலையை வீட்டு அடுப்பில் ஒருபோதும் முயலாதீர்கள். தகைவைக் கண்ணால் பார்க்க நெருப்பே தேவையில்லை. கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவையுங்கள். அதற்கு முன்னால் ஒளிபுகும் நெகிழி அடிக்கோலைப் பிடித்து, போலராய்டு குளிர்கண்ணாடி வழியாகப் பாருங்கள். கண்ணாடியை மெல்லச் சுழற்றினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அப்போது அடிக்கோலில் வானவில் கோடுகள் தெரியும். வார்க்கும்போது உள்ளே தங்கிப்போன தகைவின் தடங்கள் அவை. அடிக்கோலை லேசாக வளைத்தால் கோடுகள் நகர்வதையும் காணலாம்.

கண்ணாடிக் கலைஞர்களும் இதே முறையில்தான் தங்கள் நகையைச் சோதிக்கிறார்கள். உலோகத்தைச் சுற்றி ஒளிவட்டம் பளிச்சென்று தெரிந்தால், அந்தப் பதக்கம் கழுத்தில் ஏறத் தகுதியற்றது. திரை சீராக இருண்டிருந்தால், தீயில் சேர்ந்தவை ஆறிய பிறகும் ஒற்றுமையாக இருக்கின்றன என்று பொருள்.