கடலில் ஓடும் பட்டப் பலகை! காலோடு திரும்பும் வார்!

ஓட்டப்பிடாரம், கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி. பிறந்த ஊர். அங்கிருந்து கிழக்கே போனால் தருவைகுளம். அதற்கு அப்பால் மன்னார் வளைகுடா.

இந்தக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கனத்த கல் ஒன்றைக் கயிற்றில் கட்டுவார்கள். கல்லுக்கு மேலே கயிற்றில் ஒரு வளையம் இருக்கும். குளிப்பவர் அதில் ஒரு காலை நுழைத்து, மூச்சை அடக்கி இறங்குவார். கல் அவரை அடியில் கொண்டு சேர்க்கும். தரை தட்டியதும் காலை உருவிக்கொள்வார். படகில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துவிடுவார்.

கால் சிக்கிக்கொண்டால்? நினைக்கவே பயமாக இருக்கிறது!

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். இப்போது அதே கடலில் காலை மாட்டிக்கொண்டு ஆடும் புது விளையாட்டு வந்திருக்கிறது. அதன் பெயர் 'கைட் போர்டிங்'. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஓடுவது!

பட்டம் என்றால் பிள்ளைகள் விடும் காகிதப் பட்டம் அல்ல. காற்றடித்த குழாய்களோடு கூடிய பெரிய துணிப் பட்டம். தண்ணீரில் விழுந்தாலும் மறுபடி எழும்பும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த லெகைனு சகோதரர்கள் 1984-ல் இதற்குக் காப்புரிமை கேட்டார்கள். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே பட்டப் பலகைப் போட்டி நடந்தது.

காற்று பட்டத்தை இழுக்கிறது. பட்டம் ஆளை இழுக்கிறது. ஆள் காலால் பலகையை அழுத்தித் திருப்புகிறார். பலகையின் மேல் செருப்பு வார் போல இரண்டு வார்கள் உண்டு. கால்கள் அவற்றுக்குள் நிற்கும்.

இங்கேதான் சிக்கல். பலகைக்கு இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கும். மின்சார ரயிலைப் போல, திரும்பாமலே எதிர்த் திசையில் ஓடும். போகும்போது முன்னால் இருந்த கால், வரும்போது பின்கால் ஆகிவிடும். முன்கால் போகும் பக்கம் பார்க்க விரும்பும். பின்கால் பலகைக்குக் குறுக்கே நிற்க விரும்பும். வாரோ அசையாது! அதனால் இரண்டு வாரையும் வாத்துக் கால் போலச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி முடுக்கிவிடுகிறார்கள். எந்தக் காலுக்கும் முழுச் சுகம் இல்லை.

சுகம் போகட்டும், முழங்கால் என்ன ஆவது? அது கதவின் கீல் போன்றது. மடங்கும், நீளும். முறுக்கினால் அதிகம் தாங்காது. பாதம் வாரில் நிற்க, பட்டம் உடலை வேறு பக்கம் இழுத்தால், நடுவில் மாட்டுவது முழங்கால்தான். உள்ளே ஜவ்வு கிழிந்தால் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது.

இதற்கு ஒரு வழிதான் திரும்பும் வார். வாருக்கு அடியில் வட்டத் தட்டு ஒன்று. திருகையின் மேல்கல் போல அது சுழலும். கால் திரும்பினால் வாரும் கூடவே திரும்பும். ஆனால் மிகவும் இளகிச் சுழன்றால் பலகை சொன்னபடி கேட்காது. கடல் மணல் புகுந்தால் தட்டு இறுகிவிடும். எப்படித் திரும்பினாலும், விழும்போது கால் வழுக்கி வெளியே வந்தாக வேண்டும். முத்துக் குளித்தவரின் கயிற்று வளையத்துக்கும் இதே கணக்குத்தான்!

பெரும்பாலான பலகைகளில் இன்னும் அசையாத வார்தான். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கடலில் இறங்குமுன் மணலில் உட்கார்ந்து, திருப்புளியும் கையுமாக வாரின் சாய்வைத் தங்கள் காலுக்கு ஏற்றபடி மாற்றி முடுக்குகிறார்கள்.