எல்லைப்புறத்து முதியோரும் நமது கடமையும்

நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலையும் அதனை அடுத்த களியக்காவிளையும் 1956 நவம்பர் 1 முதல் இரு இராஜ்யங்களுக்கு உரியவாயின, உறவோ பிரியவில்லை. 2020-இல் கொரோனா பரவியபோது இஞ்சிவிளைச் சோதனைச் சாவடி அவ்வுறவின் குறுக்கே நின்றது. ஜூலையில் பாறசாலையும் நோய் செறிந்த இடங்களுள் ஒன்றாயிற்று.

அந்நாளில் கேரள அரசு வற்புறுத்திய முறை தலைகீழ்த் தனிமை என்பதாகும். நோயுற்றவரை ஒதுக்கி வைப்பது பழைய வழக்கம். நோய் தொற்றினால் தாங்கமாட்டாத முதியோரையும், நீரிழிவு, இதய நோய் உடையோரையும் முன்னதாகவே பிரித்துக் காப்பது இம்முறை. அது பாட்டனாருக்குக் காவலாயிற்று. பேரப்பிள்ளைகளின் முகம் காணாத ஏக்கத்தையும் தந்தது.

பின்னர் மக்களின் மனப்போக்கு மாறியது. 2021 மார்ச் 1 முதல் 60 வயது கடந்தோர்க்குத் தடுப்பூசி கிடைத்தது. 2023 மே 5-இல் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலை நீங்கியதென அறிவித்தது. முகக்கவசமும் மறைந்தது. எனினும் அவ்வாண்டு டிசம்பரில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கரகுளத்தில் மூதாட்டி ஒருவரிடம் ஜே.என்.1 என்னும் புதிய திரிபு கண்டறியப்பட்டது. அவர் நலம் பெற்றார்.

ஆகவே, வெளி இராஜ்யங்களில் வாழும் நாம் ஊர் திரும்புகையில் இருமலோ காய்ச்சலோ இருப்பின், சில நாட்கள் முகக்கவசம் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, முதியோரிடம் சற்று விலகியிருந்து உரையாடுவோமாக. அச்சம் நீங்கியது நன்றே, அக்கறை நீங்கலாகாது.