ஈக்களைத் தடுத்த வலைத்துணி: ஒரு சோதனை எப்படி உருவாகிறது?

அழுகிய இறைச்சியில் புழு நெளிவதை யாரும் பார்த்திருக்கலாம். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதைப் பார்த்தவர்கள், அந்தப் புழுக்கள் இறைச்சியிலிருந்தே தாமாக உண்டாவதாக நம்பினார்கள். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை அது. வான் ஹெல்மான்ட் என்ற பெயர்பெற்ற வேதியியலாளர், கோதுமையையும் அழுக்குச் சட்டையையும் ஒரு ஜாடியில் போட்டு வைத்தால் 21 நாளில் எலிகள் பிறக்கும் என்றுகூட எழுதிவைத்தார். எலி வந்தது உண்மையாகவே இருக்கட்டும். அது ஜாடிக்குள் பிறந்ததா, வெளியிலிருந்து நுழைந்ததா? இதைப் பிரித்தறிய அவர் வழி எதுவும் செய்யவில்லை.

கண்ணால் கண்டதும் அதற்கு நாம் சொல்லும் காரணமும் வெவ்வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவுவதுதான் சோதனை. பள்ளி மாணவர்கள் அறிவியலில் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

திறந்த குடுவை, மூடிய குடுவை

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் அரண்மனை மருத்துவராக இருந்தவர் பிரான்செஸ்கோ ரெடி. இறந்த பாம்புகளைத் திறந்த பெட்டியில் வைத்துக் கவனித்தபோது புழுக்கள் வந்தன. அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். புழுக்கள் கூட்டுப்புழுக்களாகி, பிறகு ஈக்களாக வெளியே வந்தன. இறைச்சிக் கடைக்காரர்கள் கோடையில் இறைச்சியைத் துணியால் மூடி வைப்பதும் அவருக்குத் தெரியும். அப்படியானால் புழுக்களுக்குக் காரணம் இறைச்சி இல்லை, அதில் வந்து உட்காரும் ஈக்கள் இடும் முட்டைகளாக இருக்கலாம். இது அவருடைய கருதுகோள்.

கருதுகோள் சரியாக இருந்தால் ஈ அண்டாத இறைச்சியில் புழு வரக்கூடாது. அகன்ற வாயுள்ள நான்கு குடுவைகளை எடுத்தார். ஒன்றில் பாம்பு, ஒன்றில் ஆற்று மீன், ஒன்றில் விலாங்கு மீன்கள், ஒன்றில் கன்றின் இறைச்சி. நான்கையும் இறுக மூடினார். இன்னும் நான்கு குடுவைகளில் அதே பொருட்களைப் போட்டுத் திறந்தே வைத்தார். திறந்தவற்றில் ஈக்கள் போய்வந்தன, புழுக்கள் நெளிந்தன. மூடியவற்றில் இறைச்சி அழுகியது, ஆனால் புழு ஒன்றுகூட இல்லை.

திறந்த குடுவைகளை அவர் ஏன் வைத்தார்? மூடியவை மட்டும் இருந்திருந்தால், அந்த இறைச்சியே புழு வராத இறைச்சி, அல்லது அந்த வாரத்து வெயில் அப்படி என்று ஏதேனும் ஒரு காரணம் சொல்லிவிடலாம். இரண்டு வரிசையிலும் எல்லாம் ஒன்றாக இருந்து, ஒன்றே ஒன்று மட்டும் மாறினால்தான் விளைவுக்கு அந்த ஒன்றைப் பொறுப்பாக்க முடியும். நம் பாடநூல்கள் ‘மாறி’ என்றும் ‘கட்டுப்பாட்டுச் சோதனை’ என்றும் சொல்வதன் பொருள் இவ்வளவுதான்.

தன்னையே எதிர்த்துக் கேட்ட கேள்வி

ரெடி அத்துடன் நிறுத்தவில்லை. மூடியபோது ஈக்களோடு காற்றும் உள்ளே போகாமல் தடைப்பட்டதே! காற்று இல்லாததால்தான் புழு உண்டாகவில்லை என்று ஒருவர் சொன்னால் என்ன பதில்?

உடனே மூடிக்குப் பதிலாக மிக மெல்லிய வலைத்துணியைக் கட்டினார். இப்போது காற்று உள்ளே போகும், ஈ போகாது. நாற்றத்துக்கு வந்த ஈக்கள் வலைத்துணியின் மேல் மொய்த்தன. புழுக்கள் துணியின் மேலேயே தென்பட்டன, இறைச்சியில் வரவில்லை. ஈயையும் காற்றையும் இப்படித் தனித்தனியே பிரித்த பிறகுதான் முடிவு உறுதியானது. இதையெல்லாம் 1668-இல் நூலாக வெளியிட்டார்.

இவ்வளவு கவனமான ரெடியே, மரங்களின் இலையிலும் கிளையிலும் தோன்றும் முடிச்சுகளுக்குள் இருக்கும் பூச்சிகளை அந்த மரமே உண்டாக்குவதாக நினைத்தார். பின்னால் வந்தவர்கள் அங்கேயும் முட்டைகளைக் கண்டு அதைத் திருத்தினார்கள். நுண்ணுயிரிகள் தாமாகத் தோன்றுகின்றனவா என்ற கேள்வியோ 1860-களில் லூயி பாஸ்டர் வரை நீண்டது. எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சோதனைக்கு உட்படாத பகுதி நிரூபிக்கப்படாத பகுதிதான்.

வீட்டில் ஓர் ஊசல்

இதே ஒழுங்கை ஒரு நூலும் சில இரும்பு நட்டுகளும் கொண்டு வீட்டிலேயே பழகலாம். நூலின் நுனியில் ஒரு நட்டைக் கட்டி, ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருக்கட்டும். சற்றே இழுத்து விட்டு, போய்த் திரும்பும் ஓர் அலைவுக்கு எத்தனை வினாடி என்று செல்போன் கடிகாரத்தில் பாருங்கள். ஏறக்குறைய 1 வினாடி வரும்.

ஆனால் பொத்தானை அழுத்துவதில் நம் விரல் 0.2 வினாடி பிந்தலாம். 1 வினாடி அளவில் அது 20 சதவீதப் பிழை. அதனால் 10 அலைவுகளுக்கு நேரம் பார்த்து 10-ஆல் வகுங்கள். அதே பிழை 2 சதவீதமாகச் சுருங்கும். இதைப் பல முறை செய்து சராசரி எடுப்பது இன்னும் நல்லது.

இப்போது நூலை 1 மீட்டராக நீட்டப்போகிறீர்கள். அதற்கு முன் உங்கள் ஊகத்தை நோட்டில் எழுதிவிடுங்கள். நீளம் நான்கு மடங்கானால் நேரமும் நான்கு மடங்காகும் என்று தோன்றலாம். செய்து பாருங்கள்: 2 வினாடிதான் வரும், இரண்டு மடங்கு மட்டுமே.

அடுத்து எடை. ஒரு நட்டுக்குப் பதில் மூன்று கட்டினால்? நேரம் மாறாது. ஆனால் நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் நேரம் சற்றுக் கூடும். எடைதான் காரணம் என்று நினைத்துவிடுவோம். உண்மையில் எடையின் மையம் கீழே இறங்கி, ஊசலின் நீளம் நமக்குத் தெரியாமலேயே கூடியிருக்கிறது. மூன்றையும் ஒரே முடிச்சில் சேர்த்துக் கட்டினால் வித்தியாசம் மறைந்துவிடும். ஒன்றை மாற்றும்போது இன்னொன்றும் சேர்ந்து மாறிவிட்டதா என்ற இந்தச் சந்தேகம்தான் ரெடியை வலைத்துணியைத் தேட வைத்தது.

ரெக்கார்டு நோட்டில் என்ன இருக்க வேண்டும்?

ஆராய்ந்து அறியும் உணர்வை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்று 1976 முதல் நம் அரசியலமைப்பே சொல்கிறது. ஆனால் பல செய்முறை வகுப்புகளில் விடை முன்பே தெரிந்துவிடுகிறது. அதற்கு ஏற்றாற்போல் அளவீடுகளை எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. அழகான கையெழுத்தில், பொருந்தாத எண் ஒன்றுகூட இல்லாத அந்த நோட்டில் சோதனை என்று எதுவும் நடக்கவில்லை.

பொருந்தாத அளவீட்டை அடித்துவிடாமல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, ஏன் மாறியது என்று தேடிய மாணவருக்கே அதிக மதிப்பெண் தர வேண்டும். ஆசிரியர்கள் இதை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். மாணவர்களும் ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு நோட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: என்ன நடந்தால் என் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வேன்? அந்த வரியை எழுத முடிந்தால், நீங்கள் சோதனை செய்யத் தயாராகிவிட்டீர்கள்.